நான்கு மாத லண்டன்

2007 ஆகஸ்ட் 19, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு பத்து. வானம் மூடிக் கிடந்தது. மழையில்லை, புழுக்கம் மட்டும். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் தன் சைவ ஓட்டலின் கல்லாவில் அபிதகுஜாம்பாள் அமர்ந்திருந்தாள். மேசை இழுப்பறையில் ஓர் ஒப்பந்தம் கிடந்தது. நிர்வாகம் முழுவதையும் மருமகன் பத்ரியிடம் ஒப்படைப்பதாக, பத்ரியே தட்டச்சு செய்து கொண்டுவந்த தாள். கணவர் காலமான பின் அவள் தனியாகக் கட்டிக்காத்த ஓட்டல் அது. கையெழுத்திட்டால் அந்தக் கல்லா இனி அவளுடையதன்று.

பத்ரி லண்டனில் நான்கு மாதம் இருந்தவன். அறைக்குள் ரைஸ் குக்கரில் பருப்புச் சாதம் பொங்கித் தின்று, அலுவலகம் விருந்துக்கு அழைத்தபோது மட்டும் உணவகத்துக்குள் நுழைந்தவன். பேச்சைக் கேட்டாலோ, வெள்ளைக்காரனுக்கே மேசை நாகரிகம் கற்பித்துத் திரும்பியவன் என்று தோன்றும். ஒரு வாரம் நடத்திப் பார்க்கட்டும் என்று அவள் விட்டிருந்தாள். வாசலில் 'இங்கே காத்திருக்கவும். அமர்த்தப்படுவீர்கள்' என்று பலகை முளைத்தது. கேட்டாலொழிய பில் வைக்கலாகாது என்று சட்டமும் பிறந்தது.

உள்ளூர் வழக்கங்களின்மீதும் அவளுக்கு மயக்கம் ஏதுமில்லை. கைகழுவுமிடத்தில் ஊரே கேட்கக் காறுகிற பரம்பரையை அவள் நாள்தோறும் சகித்துவந்தாள்.

திருநீர்மலையில் சேவித்துவிட்டு வந்த கூட்டம் பலகையை ஏறிட்டும் பாராமல் புகுந்து, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் காவல் நின்றது.

"அடுத்தவங்க தட்டை இப்படிப் பார்க்கக் கூடாதும்மா," என்றான் பத்ரி ஒரு பெண்மணியிடம்.

"தட்ட யாரு பாத்தா? எப்போ கைகழுவப் போவாருன்னு பாத்துகினு கீறேன்."

அடுத்த மேசைக்காரர் கைகழுவி வந்து வெகுநேரமாகியிருந்தது. பரிமாறும் வடிவேலு பழக்கதோஷத்தில் பில்லை நீட்டினான்.

பத்ரி விரலைச் சொடுக்கினான். "டேய்! கேட்டாரா அவர்?" உடனே வாடிக்கையாளர் பக்கம் குழைந்தான். "சாரி சார். கேக்காம பில் வச்சா, எழுந்து போன்னு சொல்ற மாதிரி. ஃபாரின்ல அது அவமரியாதை."

"எழுந்து போவத்தான் சார் காத்துகினு கீறேன்! குந்தறதுக்கு வூட்ல கட்டிலு கீது."

நாற்காலிகளுக்குப் பின்னால் சிரிப்பு வெடித்தது. பத்ரியின் முகம் சிவந்தது. "முட்டாள்! உள்ளே போய்த் தட்டு கழுவுடா!" என்று வடிவேலுவின்மேல் பாய்ந்தான்.

அபிதகுஜாம்பாள் அவனைக் கல்லாவுக்கு அழைத்தாள்.

"மாப்பிள்ளே, லண்டன்ல பரிமாறறவாளை எப்படிக் கூப்பிடுவா?"

"கண்ஜாடைதான் மாமி. மிஞ்சிப்போனா 'எக்ஸ்க்யூஸ் மீ'. கொண்டுவந்து வச்சா தேங்க்ஸ் சொல்லணும். இல்லேன்னா நம்மளை மனுஷனாவே மதிக்கமாட்டா."

"அதை ஏன் இங்கே கொண்டுவரலை?"

"இவனுக்கா?" பத்ரி சிரித்தேவிட்டான். "போங்கோ மாமி, ஜோக் அடிக்காதேள்."

அவள் சிரிக்கவில்லை. ஒப்பந்தத்தை எடுத்தாள். பக்கத்தின் குறுக்கே நேர்கோடொன்று கிழித்து, அடியில், 'சம்மதமில்லை. ஓட்டலை நானே நடத்துவேன்' என்று எழுதினாள்.

"மாமி! ரோஹிணிக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"எம்பொண்ணுகிட்ட நானே பேசிக்கறேன். ஆத்துலயும் சொடுக்கித்தான் கூப்பிடறேளான்னு கேக்கணும்."

முழுப்பெயரையும் தேதியையும் திருத்தமாக இட்டு, மை உலரும்வரை பொறுத்திருந்து, தாளை அவன் கையில் கொடுத்தாள்.