போர்வைக்கடியில் என் கை

காய்ச்சல் வந்துபோன பத்தாம் நாள் மாப்பிள்ளைக்குக் கால் விழுந்தது. அப்புறம் கை. அப்புறம் மூச்சு. என் தங்கச்சி புருஷன் அவன். பதினாறு வருஷமாகக் கிடங்கில் நானும் அவனும் ஒரே ஜோடியாக மூட்டை தூக்குகிறோம். இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயோடு கிடக்கிறான். நினைவு தெளிவாக இருக்கிறது, பேச்சுத்தான் இல்லை. வேண்டாம் என்றால் கண்ணை இரண்டு தடவை மூடுவான்.

கைகால் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வீடியோ கேம் கொண்டுவந்தாள். அவன் மணிக்கட்டில் பட்டை கட்டினாள். மணிக்கட்டு அசைந்தால் திரையில் குருவி எழும்பும். சுவரைத் தாண்டினால் ஒரு புள்ளி.

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டை வச்சு இவரை எழுப்பப் போறியாம்மா?" என்றாள் தங்கச்சி.

"வெறும் பயிற்சின்னா மூணு நிமிஷத்துல சலிச்சுடும்கா. இதுன்னா அரைமணி நேரம் விடமாட்டாங்க."

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் பார்ப்பார். முன்னேற்றம் இருந்தால் பயிற்சி தொடரும். இல்லையென்றால் நாள்பட்ட நோயாளிகள் வார்டு. அங்கே போனால் பயிற்சி கிடையாது.

திங்கட்கிழமை ஒரு புள்ளி. செவ்வாய்க்கிழமை ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அவன் நெற்றியெல்லாம் வேர்வை. எனக்குப் பொறுக்கவில்லை. ஜோடி தடுமாறினால் அவன் சுமைக்கடியில் தோளைக் கொடுத்தே பழகிவிட்டது. அந்தப் பெண் அடுத்த கட்டிலுக்குப் போனதும் போர்வைக்கடியில் கையை விட்டு அவன் மணிக்கட்டை நெம்பினேன். குருவி பறந்தது. அவன் கண்ணை இரண்டு தடவை மூடினான்.

"சும்மா கிட மாப்ளே" என்றேன்.

புதன்கிழமை முப்பது புள்ளி. புள்ளி ஏற ஏற விளையாட்டு தானாகவே கஷ்டமாகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? வியாழக்கிழமை கிடங்கிலிருந்து வர நேரமாகிவிட்டது. தனியாக ஆடியிருக்கிறான். அவ்வளவு உயரச் சுவர்கள். ஒன்றைக்கூடத் தாண்ட முடியாமல் கண்ணை மூடிக்கொண்டவன் யார் கூப்பிட்டும் திறக்கவில்லை.

"நேத்து முப்பது எடுத்தவரு" என்றாள் அந்தப் பெண். "நோய் திரும்புதோன்னு பயமா இருக்கு. டாக்டரைக் கூப்பிடுறேன்."

தங்கச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூப்பிடாதம்மா. அதெல்லாம் நான் எடுத்தது."

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கச்சி என்னையே பார்த்தாள். "அவருக்கு நரம்புதாண்ணே போச்சு. உனக்கு மூளையே போயிடுச்சா?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தான். உதட்டோரம் சிரிப்பில் லேசாக இழுத்துக்கொண்டது.

அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. என் புள்ளிகளை அழித்தாள். சுவரைத் தாழ்த்தினாள். "அண்ணே, கையைக் கட்டிக்கிட்டு அந்தப் பக்கம் நில்லுங்க."

நின்றேன். எந்த மூட்டையும் என்னை இந்தப் பாடு படுத்தியதில்லை. இருபது நிமிஷத்தில் அவன் இரண்டு சுவர் தாண்டினான்.

மறுநாள் டாக்டர் புள்ளி எழுதிய தாளைப் பார்த்தார். "திங்கள் ஒண்ணு, வியாழன் ரெண்டு. நடுவுல என்ன ஆச்சு?" பதில் சொன்னேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம். பயிற்சி நேரத்துல இவர் உள்ள வரக்கூடாது" என்றார்.

இப்போது வெளியே பெஞ்சில் உட்காருகிறேன். குருவி சுவரில் மோதும் சத்தம் கதவு வழியாகக் கேட்கிறது. மோதட்டும். சத்தம் நின்றால்தான் எழுந்து கதவருகே போய்க் காது கொடுக்கிறேன்.