வளையம் இருக்கவேண்டிய இடம்

நட்சத்திரம் மங்கவில்லை.

தங்கை திரையைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். நெப்டியூன் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது அதன் வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் கோடு அது. வேறு கண்டத்துத் தொலைநோக்கி பிடித்தது, மத்தியானம் அவள் மேஜைக்கு வந்திருந்தது. கோள் மறைத்த இடத்தில் கோடு கிணறு மாதிரி இறங்கியது. அதற்கு முன்னும் பின்னும், அண்ணன் குறித்துக் கொடுத்த நேரங்களில், வளையம் மறைத்து ஒரு சின்னப் பள்ளமாவது விழுந்திருக்க வேண்டும்.

விழவே இல்லை.

இருவருக்கும் ஒரே ஆய்வகம். அந்தப் பனிக் கோளுக்குத் தெரிந்த வளையங்களுக்கு வெளியே இன்னொன்று உண்டு என்று சொல்லி, கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டவன் அண்ணன். 'வளையல்காரன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். டாக்டர் காலையில் பேசும்போது 'நாளைக்கு' என்ற வார்த்தையையே தவிர்த்தார். இப்படி ஒரு நட்சத்திரம் மறுபடி வாய்க்க வருடக்கணக்காகும்.

அவள் அறைக் கதவைச் சாத்தினாள்.

ஆய்வகத்தில் ஒரு விளையாட்டு உண்டு. அடுத்தவரைச் சோதிக்க, கோட்டுக்குள் ரகசியமாகப் பொய்ப் பள்ளம் வெட்டி வைப்பார்கள். பிடிபட்டால், வெட்டியவர் காப்பி வாங்கித் தரவேண்டும். அண்ணனுக்கு அவள் வாங்கித் தந்த காப்பிக்குக் கணக்கே இல்லை.

ஆனால் இன்று அவன் கண் பாதிதானே திறக்கிறது?

இரண்டு பள்ளங்கள் வெட்டினாள். அச்சடித்தாள். முன்பே எடுத்திருந்த நிஜத் தாளை யார் கண்ணிலும் படாமல் பைக்குள் திணித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"வந்துட்டியா குரங்கே! மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கோள் ஓடிப்போச்சா?"

"ஜெயிச்சிட்டண்ணா! ரெண்டு பக்கமும் விழுந்திருக்கு, பாரு."

பார்த்தான். விரல் முதல் பள்ளத்தில் நின்றது, அடுத்ததில் நின்றது, கீழே இருந்த நேரத்துக்கு இறங்கியது.

"நான் சொன்ன அதே செகண்ட்லயா?"

"அதே செகண்ட்!"

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க வெகு நேரம் பிடித்தது.

"என் கணக்கு என்னைக்குடி இவ்வளவு சரியா இருந்திருக்கு?"

அவள் குனிந்து தாளைப் பார்த்தாள். வானம் எந்தக் கணக்குக்கும் கொஞ்சம் பிசகித்தான் வரும். தள்ளி வெட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் அவன் ஆசைப்பட்ட இடத்திலேயே வெட்டிவிட்டாள்.

"காப்பி நீதான் வாங்கணும். நிஜத்த எடு."

"வேண்டாம்ணா..."

"பையிலதான வச்சிருக்க? எடுடி."

எடுத்துக் கொடுத்தாள். அவன் விரல் கோட்டின்மேல் ஊர்ந்தது. வளையம் இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. நட்சத்திரம் இனிமேலாவது மங்கிவிடும் என்பதுபோல அங்கேயே காத்திருந்தது.

"இல்ல, என்ன?"

"இல்லண்ணா."

"அப்ப இல்லைன்னே எழுதிடு. இன்னொருத்தன் இதுக்காக வீணாப் போகக்கூடாது. என் பேர மொதல்ல போடு."

தலையாட்டினாள். பொய்த் தாளைக் கசக்கப் போனாள். அவன் கை குறுக்கே வந்தது.

"அது... எங்கிட்ட இருக்கட்டும்."

சாயங்காலம் நர்ஸ் அந்தத் தாளை எடுக்கப் பார்த்தார். குளிர்ந்த விரல்கள் விடவில்லை.

"விட்ருங்க சிஸ்டர்," என்றாள் தங்கை. "அது அண்ணனோடது."