வாஃபிளுக்கு அட்டை இல்லை

கலிஃபோர்னியாவில் சான் அமரோ நகரசபையின் விலங்கு ஆய்வாளர் டெல்ஃபினா ஒச்சோவா. நாய் விற்கும் கடைகள் இனிமேல் விற்பனைக்கென்றே ஈனவைக்கும் நாய்ப் பண்ணைகளின் குட்டிகளை விற்கக்கூடாது, காப்பகங்கள் மீட்ட நாய்களைத்தான் விற்கலாம் என்ற சட்டத்துக்காக மூன்று வருடம் ஒவ்வொரு நகரசபைக் கூட்டத்திலும் போய் உட்கார்ந்தவள். சட்டம் நிறைவேறிய அன்று மேயர் ஒரு குட்டியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். குட்டி அவர் கோட்டை நனைத்தது. அன்றைய விழாவில் ஒளிவுமறைவில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான்.

இன்று கார்லண்ட் டட்டிலின் நாய்க் கடைக்குச் சோதனைக்கு வந்தவள், வாஃபிளையும் கயிற்றில் பிடித்து வந்திருந்தாள். கிழட்டு நாய், ஒரு காது பாதிதான். நகரக் காப்பகத்தில் இடமில்லை. வெள்ளிக்கிழமைக்குள் போக்கிடம் கிடைக்காவிட்டால் ஊசி போட்டு முடித்துவிடுவார்கள்.

கடையில் எட்டு வாரப் புல்டாக் குட்டிகள் வரிசையாகத் தூங்கின. கூண்டுக்குக் கூண்டு அட்டை. பிறந்த தேதி, அதன் கீழே, 'மீட்கப்பட்டது: தங்கப் பாதம் காப்பகம், அயோவா மாநிலம்.'

"யாருகிட்டேருந்து மீட்டாங்க, டட்டில்?"

"அவங்கம்மாகிட்டேருந்துதான் மேடம்."

"அந்தக் காப்பகத்துக்கும் நாய்ப் பண்ணைக்கும் ஒரே விலாசம். ஒரே போன் நம்பர்."

"பக்கத்துலயே இருந்தா மீட்கிறதுக்குச் சௌகரியமில்லையா?"

அட்டை இருக்கவேண்டும் என்றது சட்டம். அட்டை சொல்வது உண்மையா என்று கேட்கும் அதிகாரத்தை அவளுக்குத் தரவில்லை. டெல்ஃபினா வாஃபிளின் கயிற்றை அவனிடம் நீட்டினாள்.

"சரி. இவனை ஒரு கூண்டுல வைங்க. சட்டமே இவனுக்காகத்தான்."

டட்டில் குனிந்து அந்தப் பாதிக் காதைத் தடவினான்.

"தங்கமான பயலா இருக்கானே. எப்பப் பிறந்தான்?"

"தெரியாது. ரோட்டுல கிடைச்சான்."

"முன்னாடி யாரு வளர்த்தாங்க?"

"தெரியாதுன்னு சொல்றேனே."

"அப்ப அட்டையில நான் என்னத்த எழுதுவேன்? சட்டத்துல பிரிவு நாலு. எங்கே பிறந்துச்சு, யார் வளர்த்தாங்கன்னு தெரியாத நாயைக் கடையில வைக்கவே கூடாது. நீங்களே வந்து எனக்கு அபராதம் போடுவீங்க. ஓட்டையே இல்லாம எழுதியிருக்காங்க மேடம், யாரு எழுதினதோ."

எழுதியது அவள்தான். பண்ணைக்காரர்கள் நுழைந்துவிடக்கூடாது என்று இரண்டு மாதம் சண்டை போட்டுச் சேர்த்த பிரிவு.

சோதனை அறிக்கையில் 'விதிமீறல் ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டட்டில் வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டான். வாஃபிளுக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்தான்.

கார் காப்பகத்துப் பக்கம் திரும்பவில்லை. அவள் வீட்டுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே மூன்று நாய்கள். சான் அமரோவில் வீட்டுக்கு மூன்றுதான் அனுமதி. மீறினால் அபராதச் சீட்டு எழுதவேண்டியவளும் அவளே.