இயந்திரக் குதிரையில் சிங்காரவேலு

சிங்காரவேலு இயந்திரக் குதிரையின்மேல் உட்கார்ந்திருந்தது, புல்லட்டில் சாய்ந்தபடி பெட்ரோல் பங்க்கில் காத்திருப்பது போல இருந்தது. கால் இரண்டும் முன்னால் நீண்டிருந்தன. முதுகு வளைந்து, வயிறு சேணத்தின் முன்விளிம்பில் இளைப்பாறியது. எதிரே திரையில், அவருடைய எடை எங்கே விழுகிறது என்று காட்டும் சிவப்புப் புள்ளி வட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கனிமொழி எட்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வல்லம் சாலையில் இருந்த அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் அவள் பயிற்சியாளர். அதற்கு முன் ஏழு வருடம் போலீஸ் குதிரைப்படை. சிங்காரவேலுவுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம் இரண்டு அரிசி ஆலை, அறுபது ஏக்கர் நஞ்சை. ஊர்க் கோயில் குடமுழுக்கு ஊர்வலத்தில் குதிரைமேல் முன்னால் வரப்போகிறார். ஃப்ளெக்ஸ் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. யாரோ ஒரு ராஜாவின் உடம்பில் அவர் தலையை ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்பு மட்டும் நேராக உட்கார்ந்திருந்தது. நிஜக் குதிரை இரண்டாம் நாளே அவரை மணலில் இறக்கிவிட்டதால்தான் இந்த இயந்திரம். இதற்கும் கடிவாளம் உண்டு, நைலான் பிடரி உண்டு, உள்ளே மோட்டார் நடையும் ஓட்டமுமாக ஆட்டும். கோபம் மட்டும் கிடையாது.

இதில் ஏறிய முதல் நாள் அவள் அவருடைய கணுக்காலைப் பிடித்துப் பின்னால் இழுத்து வைத்தாள். எல்லோருக்கும் செய்வதுதான். காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டில் வர வேண்டும். உடம்புக்கு அதைக் கைதான் புரியவைக்கும். அப்போதுதான் அவர் கேட்டார்.

"நீ எந்த ஊரும்மா?"

சொன்னாள்.

"அட, நம்ம பக்கந்தான். அங்க எந்தத் தெரு?"

"கீழத்தெரு."

அவர் காலை மெல்ல உருவிக்கொண்டார், சிரித்தபடிதான். "தொட்டெல்லாம் காட்ட வேணாம்மா. வாயால சொன்னாப் போதும்."

பள்ளி உரிமையாளர் ஜெக்கரியாவிடம் சொன்னாள். "பெரிய மனுசன். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க," என்றார் அவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. அன்றோடு அவர்மேல் இருந்த மரியாதையும் அவளுக்குப் போயிற்று.

வாயால் சொன்னாள். குதிகால இறக்குங்க, மூச்ச விடுங்க, பல்லக் கடிக்காதீங்க. ஒரு வார்த்தை குறைக்கவில்லை. இந்த ஆளுக்காகத் தன் தொழிலில் தப்புச் செய்வது தனக்குத்தான் கேவலம் என்று நினைத்தாள். குதிகாலை இறக்கச் சொன்னால் அவர் தோளைத் தூக்கினார். தோளைச் சொன்னால் முழங்கை விரிந்தது. கார்க் கதவைக்கூட இன்னொருவர் திறந்துவிட்டுப் பழகிய உடம்பு. தன் கால் எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை.

"நாளன்னைக்கு ஊர்வலம். இன்னிக்கு ஓட்டம் வெச்சுப் பாத்துருவோம்," என்றார்.

"நடையே இன்னும் சரியா வரலீங்க."

"நீ போடும்மா."

பொத்தானை அழுத்தினாள். நாலாவது குலுக்கலில், பாதம் நுழைத்திருந்த இரண்டு அங்கவடியும் காலைவிட்டுப் போயின. அவர் முன்னால் சரிந்து நைலான் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "நிப்பாட்டு," என்றார். குரல் சின்னதாக வந்தது. உடனே நிறுத்தினாள்.

அவர் நிமிரவில்லை. அவளைப் பார்க்காமலே, மூன்று மோதிரம் போட்ட கையை அவள் பக்கமாக நீட்டினார்.

"கொஞ்சம் புடி. எறங்கணும்."

கனிமொழி அந்தக் கையைப் பார்த்தாள். தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டாள்.

"வலது காலப் பின்பக்கமா சுத்தி எடுங்க," என்றாள், வகுப்பில் பேசும் அதே குரலில். "வயித்த சேணத்துல அழுத்தி, அப்டியே வழுக்கி வாங்க."

கை சற்று நேரம் அங்கேயே நின்றது. பிறகு திரும்பிப்போய்ப் பிடரியைப் பற்றியது. அவர் காலைச் சுற்றி எடுத்தார். சேணத்தின் குறுக்கே வயிற்றோடு தொங்கினார். சட்டை மேலே ஏறி, முதுகு வேர்வையில் மின்னியது.

"தரை எங்கம்மா இருக்கு?"

நாலு விரல்தான் இடைவெளி. பாலிஷ் போட்ட இரண்டு ஷூக்களும் காற்றில் மாறி மாறித் துழாவிக்கொண்டிருந்தன.