மாறி ஏறும் இடம்

மடுல்சீமைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் விமானத்தைப் பற்றி எதுவானாலும் றீட்டாவைத்தான் கேட்க வேண்டும். பதினோரு வருசம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். நாலு தரம் போய் நாலு தரம் வந்தவள். அப்படிப் பார்த்தால் எட்டுத் தடவை பிளேன் ஏறிய கணக்கு. தோட்டத்துத் துரைகூட அத்தனை தடவை ஏறியிருப்பாரா என்பது சந்தேகம்தான். இப்போது லயத்து வரிசை வீட்டின் முன்காம்பராவில் ஒரு சின்னக் கடை போட்டிருக்கிறாள். அரபு நாட்டுக்குக் கிளம்புகிற பெண்கள் ஏஜென்சிக்காரன் சொல்வதைக் கேட்கிறார்களோ இல்லையோ, இவளிடம் வந்து ஒரு தடவை பாடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதற்கு அவள் காசு வாங்கியதில்லை. மரியாதை வாங்கினாள். அது அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இராக்கம்மா விசயம் கொஞ்சம் பெரியது. அவள் போக இருந்தது கனடாவுக்கு. ஐம்பத்தெட்டு வயதுவரை கொழுந்து எடுத்தவள், புருசன் இல்லை, றீட்டாவின் காம்பராவிலிருந்து மூன்றாவது காம்பரா. ஒரே மகள் ஜெயந்தினி, பதுளை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து, தயாபரனைக் கட்டி, டொரொன்டோவில் போய் இருக்கிறாள். புதன்கிழமை காலை அவளுக்கு ஆபரேசன் செய்து பிள்ளையை எடுக்கிறார்கள். தாதி வேலை பார்த்தவள்தான், எத்தனையோ பிரசவம் பார்த்தவள்தான். தன் முறை வந்ததும் பயந்துபோனாள். “அம்மா கையைப் புடிச்சாத்தான் உள்ள போவேன்” என்று ஒரே பிடிவாதம்.

டிக்கட்டும் வந்துவிட்டது. செவ்வாய் விடியற்காலை கட்டுநாயக்கவில் ஏறினால், காலையில் ஒரு அரபு நாட்டில் இறங்கி, இரண்டு மணி நேரத்தில் வேறு பிளேனுக்கு மாறி, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அதே செவ்வாய் பின்னேரம் டொரொன்டோ. அந்த இரண்டாவது பிளேனை விட்டால் அடுத்த இடம் வெள்ளிக்கிழமைதான். ஜெயந்தினி போனில் றீட்டாவிடம் சொன்னாள்:

“அக்கா, அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்கள நம்பித்தான் அனுப்புறேன்.”

“நீ கவலைய விடு. நான் தேத்தி அனுப்புறேன்” என்றாள் றீட்டா.

தேற்றத்தான் செய்தாள். முந்தின ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலிருந்து ஒன்பது பிளாஸ்டிக் கதிரைகளைத் தம்பி ஜெசிந்தனின் ஆட்டோவில் ஏற்றி வரச் செய்து, லயத்து வாசலில் மூன்று வரிசையாகப் போட்டாள். இராக்கம்மாவை நடுவரிசையின் நடுக்கதிரையில் உட்கார வைத்தாள். இரண்டு பக்கமும் பக்கத்துக் காம்பராக்காரர்கள். ஜெசிந்தனின் இடுப்பு பெல்ட் பிளேன் பெல்ட் ஆனது.

“டிக்கட்டுல போட்டிருக்கு, நாப்பத்தொண்ணு ஈ. அப்படின்னா நடு சீட்டு. ரெண்டு பக்கமும் ஆளு. கையை வச்சிக்க எடமிருக்காது. முன்னால உள்ளவன் சாஞ்சான்னா ஒங்க மூக்குல இடிக்கும். கோவப்படாதீங்க.”

“நான் ஏன்டி கோவப்படுறேன்? லொறியில நின்னுக்கிட்டே கதிர்காமம் போனவ நான்.”

“மேல ஏறுறப்ப காது அடைக்கும். எச்சில முழுங்குங்க. கக்கூசுல பட்டனை அமுக்குனா பேய் மாதிரி சத்தம் வரும், பயப்படாதீங்க. சப்பாத்தைக் கழட்டுனா திரும்ப உள்ள போகாது, கால் வீங்கிப்போகும். சாப்பாடு வந்து கேப்பாங்க. சிக்கன்னு சொல்லுங்க.”

“செவ்வாக்கெழம நான் கவிச்சி தொட மாட்டேன்.”

“வானத்துல என்ன கெழமைன்னு யாருக்குத் தெரியும்?”

“முருகனுக்குத் தெரியும்” என்றாள் இராக்கம்மா. லயமே சிரித்தது.

மாறி ஏறுவதைப் பற்றி றீட்டாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவள் போன பிளேன்கள் எல்லாம் ஏறின இடத்தில் ஏறி இறங்குகிற இடத்தில் இறக்கிவிட்ட பிளேன்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டுத் தடவை ஏறியவள், ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்லுவாள்? “பதுளையில எறங்கி லுணுகலை பஸ் மாறி ஏற மாட்டீங்களா, அந்த மாதிரிதான்” என்று முடித்துவிட்டாள். பிறகு, தனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு விசயங்களை விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். ஒன்று, இறங்கியதும் நம்ம ஊர்ப் பொம்பளைகள் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கமே போக வேண்டும், கூட்டத்தை விடக்கூடாது. இரண்டு, யார் பாஸ்போட்டைக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட வேண்டும்.

“எதுத்துப் பேசாதீங்க. பேசுனாத்தான் பிரச்சினை.”

இராக்கம்மா இரண்டையும் பள்ளிப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஆகப்போகிற நேரத்தில் றீட்டாவின் போன் அடித்தது. கடைக்குள் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்கும். கொழுந்து நிறுக்கும் கொட்டகைப் பக்கம் போனால்தான் சிக்னல் நிற்கும். போனைக் காதில் வைத்தபடியே ஓடினாள்.

“றீட்டாங்கிறது நீங்கதானா? நான் ஸித்தி ஸுபைதா, ஊர் வெலிமட. ஏர்போட்ல இருந்து பேசுறன். இங்க ஒரு அம்மா ஈக்கிறாங்க. ஒங்கட நம்பர் எழுதின கடதாசித் துண்டைக் காட்டினாங்க. இந்தாங்க, பேசுங்க.”

அடுத்தது இராக்கம்மாவின் குரல். “றீட்டா, நீ சொன்ன மாதிரியே நம்ம பொம்பளைங்க பின்னாடியே வந்துட்டேன். முப்பது பேரு இருக்கோம். ஒரு ஆளு அட்டையைப் புடிச்சிக்கிட்டு நின்னான், எல்லாருக்கிட்டயும் பாஸ்போட்ட வாங்குனான். நானும் குடுத்துட்டேன். ஒரு ஓரமா ஒக்கார வச்சிருக்கான். ரெண்டாவது பிளேன் எப்ப வரும்னு இந்தப் புள்ளைக்கிட்ட கேட்டேன். இது தலையில கைய வச்சிருச்சு.”

ஸுபைதா போனைத் திருப்பி வாங்கினாள். அந்த ஆள் ஏஜென்சிக்காரன், வீட்டு வேலைக்கு வந்தவர்களைக் கூட்டிப்போக வந்தவன், கனடா போகிற அம்மாவையும் சேர்த்து எண்ணிவிட்டான் என்றாள். தானே போய்ச் சொல்லலாம்தான். ஆனால் தன் பாஸ்போட்டும் அவன் கையில்தான் இருக்கிறது, வேலைக்குப் போகப்போவது புது வீடு, முதல் நாளே வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்றாள். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

றீட்டாவின் வாய் தன்பாட்டில் பேசியது. “அக்கா, பேசாம ஒக்காந்திருங்க. அவங்களாப் பாத்துக் குடுப்பாங்க. நீங்களாக் கேக்கப் போனா கோவம் வந்துரும்.”

“சரி புள்ள” என்றாள் இராக்கம்மா. றீட்டா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவளின் குரல் அது. போன் வைக்கப்பட்டது.

றீட்டா தராசுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டாவது பிளேன் நம் நேரத்துக்குப் பதினொன்றே காலுக்கு. அவர்களாகப் பார்த்துக் கொடுப்பார்கள். எப்போது கொடுப்பார்கள்? இந்தக் கேள்விக்கு அவளுக்கு விடை தெரியும். தோட்டத்திலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

குவைத்துக்குப் போன ஏழாவது வருசம் அப்பா பிலிப்பு படுக்கையில் விழுந்தார். தாங்காது, உடனே வா என்று ஜெசிந்தன் போன் செய்தான். பாஸ்போட் வீட்டுக்கார மேடத்தின் அலுமாரியில் இருந்தது. றீட்டா கோப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், மேடத்தின் முன்னால் வைத்தாள், திரும்பி வந்துவிட்டாள். மறுநாளும் போனாள், திரும்பினாள். முகத்தைப் பார்த்தே மேடம் விளங்கிக்கொள்வாள், என்ன றீட்டா என்று கேட்பாள் என்று நினைத்தாள். மேடம் டீவி பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை, டீவி பார்க்கிற ஒரு பொம்பளை. நாலாம் நாள் பிலிப்பு செத்துப்போனார். “கேட்டேன், மேடம் குடுக்கல” என்று றீட்டா வீட்டுக்குச் சொன்னாள். ஊர் நம்பியது. வருசா வருசம் அப்பாவின் திவசப் பூசை முடிந்து வருகிற வழியில் ஜெசிந்தன் அந்த மேடத்தைக் கிழி கிழி என்று கிழிப்பான். றீட்டா தலையைக் குனிந்துகொண்டு கூடவே நடப்பாள்.

அவள் கேட்கவில்லை. அதுதான் நடந்தது. அந்தக் கேட்காத பழக்கத்தைத்தான் இத்தனை வருசமாக வாசலில் கதிரை போட்டு எல்லோருக்கும் பாடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். றீட்டாவுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் சுட்டது. அங்கே ஒருத்தி நம்பி உட்கார்ந்திருக்கிறாள், இங்கே மணி பத்தே கால்.

அந்த நம்பரைத் திருப்பி அழுத்தினாள். ஸுபைதா எடுத்தாள்.

“தங்கச்சி, நீங்க ஒண்ணும் பேச வேணாம். போனை அந்த அம்மாக்கிட்ட குடுங்க.” போன் கை மாறியது. “அக்கா, எந்திரிங்க. நேரா அந்த ஆளுக்கிட்ட போய் போனை நீட்டுங்க.”

“நீதானடி பேசாம ஒக்காரச் சொன்ன?”

“நான் சொன்னது தப்புக்கா. எந்திரிங்க!”

காலடிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு ஆம்பிளைக் குரல், யார் நீ என்று அரபியில் அதட்டியது. றீட்டாவின் அரபு சமையல்கட்டில் படித்த அரபு. வெங்காயம், சட்டி, துடைப்பம், சீக்கிரம், வருகிறேன், மன்னியுங்கள். சண்டை போடுகிற வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, இருந்த வார்த்தைகளை வைத்தே சொன்னாள். இந்த அம்மா உன் ஆள் இல்லை. வேலைக்கு வரவில்லை. கனடா போகிறாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. பிளேன் போய்விடும். அவளுடைய ஜவாஸைக் கொடு. பாஸ்போட்டுக்கு அரபியில் ஜவாஸ் என்பார்கள். பதினோரு வருசத்தில் அந்தச் சொல்லை அவள் எத்தனையோ தடவை காதால் கேட்டிருக்கிறாள். வாயால் சொன்னது அன்றுதான்.

அந்தப் பக்கம் தாள்கள் புரளும் சத்தம். அந்த ஆள் பெயரைக் கேட்டான், சொன்னாள். “கனடாவா?” என்றான். “இதை முதலிலேயே சொல்லக் கூடாதா? எனக்கும் ஒரு ஆள் கூடுதலாக வருகிறதே என்று மண்டை காய்கிறது” என்று எரிந்து விழுந்தான்.

“குடுத்துட்டான் றீட்டா!” இராக்கம்மா கத்தினாள். “கேட்ட ஒடனே குடுத்துட்டான்!”

எல்லாம் ஒரு நிமிசம்கூட ஆகவில்லை. எந்தப் பக்கம் போக வேண்டும், எந்தப் போர்டைப் பார்க்க வேண்டும் என்று ஸுபைதா சொல்லிக்கொடுப்பது கேட்டது. லைன் நின்றுவிட்டது.

அன்றைக்கு முழுக்க றீட்டாவுக்குச் சோறு இறங்கவில்லை. பிளேனைப் பிடித்தாளா இல்லையா என்று ஒரு தகவலும் இல்லை. கடைக்கு வந்தவர்களுக்குச் சீனி கேட்டால் உப்பும் உப்புக் கேட்டால் சீனியும் கொடுத்தாள். மறுநாள் விடிந்து போனைப் பார்த்தபோதுதான் ஜெயந்தினியின் ஒரு வரி வந்திருந்தது. அம்மா வந்துட்டாங்க அக்கா. அதைப் படித்ததும் கடைப் படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஞாயிறு பின்னேரம் டொரொன்டோவிலிருந்து வீடியோ கோல் வந்தது. அங்கே அப்போது காலை. லயமே கொழுந்துக் கொட்டகையில் கூடிவிட்டது. ஜெசிந்தன் போனை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான். இராக்கம்மா கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தாள்.

“பதினாலு மணி நேரம்! முன்னால டீவியில பாத்தா தண்ணி, தண்ணி, தண்ணி. நடுவுல ஒரு சின்ன பிளேன் படம், அசைஞ்சாத்தானே? நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், அது அந்த எடத்துலயே நிக்குது. மூணு தரம் சாப்பாடு வந்துச்சு, மூணு தரமும் செவ்வாக்கெழமதான். அந்தச் செவ்வா முடியவே மாட்டேங்குது! பன்னைத் தின்னுட்டு முருகா முருகான்னு கெடந்தேன். அந்தப் பக்கத்து சீட்டு வெள்ளக்காரன் என் தோள்ல சாஞ்சி தூங்கிட்டான். தள்ளவா முடியும்? யாரு பெத்த புள்ளையோன்னு விட்டுட்டேன்.”

சிரிப்பு அடங்க நேரம் ஆனது. பிறகு இராக்கம்மா அந்த அரபு நாட்டுக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். றீட்டா மட்டும் இல்லையென்றால் தான் இப்போது எந்த வீட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பேனோ என்றாள். கூட்டம் றீட்டாவைத் திரும்பிப் பார்த்தது. பெருமையாகத்தான் பார்த்தது.

ஜெசிந்தன் சொன்னான்: “அவன் மனுசன். கேட்டதும் குடுத்துட்டான். எங்கக்காவுக்கு வாய்ச்சது ஒரு ராட்சசி. அப்பா சாகக் கெடக்குறாருன்னு அழுது கேட்டும் குடுக்காத முண்டை. அவ நல்லாவே இருக்க மாட்டா.”

எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். றீட்டா வழக்கம்போலத் தலையைக் குனிந்தாள். இந்தத் தடவை அது குனிந்தபடி நிற்கவில்லை.

“தம்பி, அவங்கள ஏசாத. நான் கேக்கல.”

“என்னத்தக் கேக்கல?”

“பாஸ்போட்ட. மேடத்துக்கிட்ட நான் கேக்கவே இல்ல. பயமா இருந்துச்சு. கேட்டேன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன்.”

போனில் பேத்தி சிணுங்கியது. உயர்த்திப் பிடித்திருந்த கையை ஜெசிந்தன் மெதுவாக இறக்கினான்.

“அப்பா கடைசி மூணு நாளும் கேட்டுக்கிட்டே கெடந்தாருக்கா” என்றான். “றீட்டா பிளேன் ஏறிட்டாளான்னு.”