பாலனுக்கு அடியில் வைக்கோல்

சாய்ந்த வெளிச்சம். மழை விட்ட வானத்திலிருந்து ஜன்னல் வழியாக வந்து, கோயிலின் பக்கப் பீடத்தின் குறுக்கே விழும் வெளிச்சம்.

நேராக விழும் வெளிச்சம் நிறத்தைக் காட்டும். சாய்ந்து விழும் வெளிச்சம் மேடு பள்ளத்தைக் காட்டும். அதனிடம் யாருடைய பூசி மெழுகலும் நடக்காது.

மெட்டில்டா ஏணியில் நின்றிருந்தாள். முன்னால் ஆண்டவர் பிறந்த படம். மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒரு மாடு, தீவனத் தொட்டியில் பாலன்.

அந்தக் காலத்தில் கப்பலில் வந்த படம் என்று ஊர் சொல்லும். தூத்துக்குடிக்குத் தெற்கே அந்தக் கடலோர ஊரில், அதன் சட்டத்தைத் தொட்டு உதட்டில் ஒற்றி முத்தி செய்யாமல் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டார்கள்.

பழைய படங்களைச் செப்பனிடுவது அவள் தொழில். சென்னையில் படித்தாள், சென்னையிலேயே செய்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் படத்தின் அழுக்கை எடுத்துத் தரச் சொல்லிப் பங்குச் சாமியார் தார்சிஸ் கூப்பிட்டிருந்தார். ஊருக்கு மருமகளாக வரப்போகிறவள். வேறு யாரைக் கூப்பிடுவார்?

பஞ்சை நனைத்துப் பாலனின் கன்னத்தருகே கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது.

பாலனுக்கு அடியில் வைக்கோல்.

கன்னத்துக்கு அடியில். வயிற்றுக்கு அடியில். பிஞ்சுக் காலுக்கு அடியில். மேல் வண்ணத்துக்குக் கீழே மெல்லிய மேடாக, ஒவ்வொரு வைக்கோல் கோடும் பிள்ளையின் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

படம் எழுதுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. பிள்ளைக்கு இடம் விட்டுவிட்டுத்தான் சுற்றிலும் வைக்கோல் போடுவார்கள். இங்கே ஒருவன் தொட்டியைக் காலியாக வரைந்திருக்கிறான். வைக்கோலை நிறைத்திருக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாகப் பாலனைக் கொண்டுவந்து கிடத்தியிருக்கிறான்.

பஞ்சால் ஓரத்தைத் தொட்டாள். பழைய வண்ணம் அவ்வளவு லேசில் கரையாது. இது பஞ்சோடு வந்துவிட்டது. இளசு. கப்பலில் வந்த படம் இது இல்லை.

பாலனைக் கடைசியில் கிடத்துகிறவன் யார்? குடில் கட்டுகிறவன். கிறிஸ்துமஸ் பூசை வரைக்கும் குடிலில் தொட்டி காலியாகத்தான் இருக்கும். பிறக்காத பிள்ளையை அவன் கை கிடத்தாது. வரைந்தாலும் கிடத்தாது. இந்த ஊர்க் கோயிலில் குடில் கட்டுவது ஒருவன்தான்.

கஸ்பார். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன்.

கீழே அவன் காகித மலைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான். வாய் ஏதோ பாட்டை விசிலடித்தது. நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

போன கிறிஸ்துமஸ். மழை, வீட்டுக்கு வீடு நட்சத்திரம், சித்தி வீட்டு அச்சுமுறுக்கு. திருநாளுக்கு வந்தவள் இந்தப் படத்தின் முன்னால் நின்று, பாலனைப் பார்த்து, "என்ன முகம்!" என்று வாய்விட்டுச் சொன்னாள். பின்னால் குடிலில் பொம்மை ஆடுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பினான். அப்படித்தான் தொடங்கியது எல்லாம்.

அன்றைக்கு அவள் கண்ணில் தொழில் இல்லை. திருநாள் இருந்தது. பிறகு அவன் இருந்தான்.

ஏணியை விட்டு இறங்கினாள்.

"இது நீங்க வரைஞ்சதா?"

விசில் நின்றது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் அறைக்கு அழைத்துப் போனான். குடில் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு பாய்ச் சுருட்டை இழுத்துப் பிரித்தான்.

அசல் படம். மாதா இருந்தாள், மாடு இருந்தது, தொட்டியின் விளிம்பு இருந்தது. பாலன் இருந்த இடம் மட்டும் கருகி ஓட்டையாகக் கிடந்தது.

அவள் வந்த கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில், அழகுக்காகப் படத்தைக் குடிலுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறான். குடிலைப் பிரிக்கும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று, அதன் மேல் சுற்றிய சீரியல் பல்பை அணைக்காமல் சாப்பிடப் போயிருக்கிறான். அவ்வளவுதான். கோயிலுக்கு வெள்ளையடித்த வாரங்களில், படம் பத்திரமாக மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொன்று வரைந்திருக்கிறான்.

வந்து மாட்டினான். ஊர் முத்தி செய்தது.

அவளுக்குக் கருகிய படம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அதைச் செப்பனிடலாம். வேறொன்று நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னது இதுக்காகவா? நான் கண்டுபிடிச்சாலும் வெளிய சொல்லமாட்டேன்னா?"

கஸ்பார் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஊரு அதைக் கும்பிடுது. பாத்தது நீ ஒருத்திதான். நான் வரைஞ்ச முகத்தைப் பாத்து நீ நின்ன பாரு... அன்னைக்கே சொல்லிருக்கணும். சொன்னா நீ போயிருவேன்னு பயந்துட்டேன்."

நம்ப வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அந்த ஆசைதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் ஞாயிறு. மூன்றாவது ஓலை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் வாசிப்பார்கள். தடை அறிந்தவர்கள் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பாவம். இரண்டு ஓலையில் யாரும் வாய் திறக்கவில்லை.

"நாளைக்கு ஓலைக்கு முன்னால சாமிகிட்ட சொல்லிருங்க."

"கல்யாணம் முடியட்டும் மெட்டில்டா. ஊரு என்னை உயிரோட விடாது."

மாலை முழுவதும் மழை. சித்தி வீட்டில் பலகாரத்துக்கு மாவு பிசைந்தார்கள். மெட்டில்டாவும் பிசைந்தாள். பேசாமல் இருந்துவிட்டால் அவன் கிடைப்பான். அந்த விசில் கிடைக்கும். கடல் பார்த்த வீடு கிடைக்கும்.

அந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டே இருப்பாள். எனக்காகவா, படத்துக்காகவா. அவன் எத்தனை அன்பாக இருந்தாலும் கேட்பாள். அன்பாக இருக்க இருக்க இன்னும் கேட்பாள்.

மழை. மாவு. மழை. சித்தி என்னவோ கேட்டாள், இவள் காதில் விழவில்லை.

ஞாயிறு பூசை. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். ஊதாத் திரை. காலித் தொட்டியோடு குடில். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையைப் பிரித்தார். அவள் பெயர். அவன் பெயர். தடை ஏதும் அறிந்தவர்கள் மறைக்காமல் தெரிவிக்கவும்.

அவள் ஆண்கள் பக்கம் பார்த்தாள். சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க. கஸ்பார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெட்டில்டா எழுந்தாள்.

தன் ஓலைக்குத் தானே எழுந்து நின்ற பெண்ணை அந்த ஊர் பார்த்ததில்லை. ஒரு பெஞ்சு முழுக்கத் தலைகள் திரும்பின. "ஏட்டி, உக்காரு" என்று சித்தி முந்தானையை இழுத்தாள்.

அவள் உட்காரவில்லை. வாய் மட்டும் திறக்க மறுத்தது. அவனைக் காட்டிக்கொடுக்க ஒரு சொல்கூட வரவில்லை.

ஆண்கள் பக்கம் பெஞ்சு நகரும் சத்தம்.

கஸ்பார் நடு வழியில் நடந்து வந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஊர் முன்னால் அவர்கள் சேர்ந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அவ சொல்ல வேண்டாம் சாமி. தப்பு என்னுது. நானே சொல்லுதேன்."

சொன்னான். பல்பு, பாய், கதவு சாத்திய வீடு, முத்தி செய்தவர்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்ற நாள்கள். குரல் உடைந்த இடங்களில் நிறுத்தி, மறுபடியும் சொன்னான்.

கோயில் கொதித்தது. "எங்கள எதைக் கும்பிட வச்சலே?" என்று ஒருவர் கத்தினார். யாரோ அழுதார்கள். தார்சிஸ் சாமியார் கையை உயர்த்தினார். சத்தம் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மெட்டில்டா, நீ எதுக்கும்மா எந்திரிச்ச? தடை சொல்லவா?"

அவள் கஸ்பாரைப் பார்த்தாள். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லாத முகம். பயந்த முகம். அவளுக்காக நடந்து வந்த முகம்.

"எனக்குத் தடை இல்ல சாமி," என்றாள். "ஊரைக் கேளுங்க."

சாமியார் ஓலையை மறுபடி கையில் எடுத்தார். முதல் வரியிலிருந்து, இந்த முறை ஊரைப் பார்த்து, வாசிக்க ஆரம்பித்தார்.