அந்து அக்கா

கம்பெனியில் எல்லாரும் அவளை அந்து அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழத்தோட்டங்களில் தொங்கவிடும் பூச்சிப் பொறிகளைச் செய்யும் கம்பெனி அது. பெண் அந்துப்பூச்சி துணையை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகத் தயாரித்து, பொறிக்குள் வைக்கும் விரல்நுனி அளவு ரப்பர் மூடிகளில் சொட்டுச் சொட்டாக விடுவது அவள் வேலை. மனுஷ மூக்குக்கு அது தெரியவே தெரியாது. ஆண் பூச்சிக்கோ காற்றில் இம்மி கலந்தால் போதும், தலைகால் புரியாமல் பறந்து வந்துவிடும்.

கையுறை போட்டும் பயனில்லை. வருஷக்கணக்கில் அது அவள் தோலில் ஊறிவிட்டது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றால் பழுப்புப் பூச்சிகள் தோளைச் சுற்றும்.

"அக்காவுக்கு எத்தனை மாப்பிள்ளை பாருங்க!" என்பார்கள் கூட இருப்பவர்கள். கல்யாணம் அமையாமலே போன அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அண்ணன் போன் செய்தார்.

"தனியா கிடந்து என்னம்மா பண்ணப் போற? இங்க வந்துடு."

அண்ணனுக்கு ஆப்பிள் தோட்டம். வாடகை அறையைக் காலி செய்துகொண்டு போனாள். அண்ணி வாய் நிறைய வரவேற்றாள். முதல் ராத்திரியே சாப்பாட்டு மேசையில் பூச்சிகள் வந்து இறங்கின. அண்ணி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். புழுக்கத்தில் எல்லாரும் தலை குனிந்து சாப்பிட்டார்கள்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"பொறியெல்லாம் காலியா கிடக்கு. அதுல விழுறத பாத்துத்தான் எப்ப மருந்தடிக்கணும்னு முடிவு பண்ணுவேன். எல்லாம் உன் ஜன்னலுக்கே வந்துடுதும்மா..."

"நான் கிளம்புறேண்ணா."

"சீசன் முடிஞ்சதும் வா. கட்டாயம் வரணும்."

இரு என்று அவர் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

அன்று மாலை பெட்டியைக் கட்டிவிட்டுக் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்தாள். ஒரு பூச்சி மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. இறக்கை படபடக்கப் புறங்கையெல்லாம் நடந்து தேடியது. விரலிடுக்கில் நுழைந்து பார்த்துவிட்டு மறுபடி மணிக்கட்டுக்கே வந்தது.

"இங்க யாரும் இல்லப்பா," என்றாள். அதன் காதில் விழவா போகிறது? அது தேடிக்கொண்டே இருந்தது. தட்டிவிட மனசு வரவில்லை.

குளிர்காலத்தில் அண்ணன் மறக்காமல் கூப்பிட்டார். போனாள். மரங்கள் மொட்டையாக நின்றன. அண்ணி பழைய கதையெல்லாம் பேசி, வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். எல்லாரும் படுக்கப் போன பிறகு, அவள் குளிரைப் பார்க்காமல் தன் அறை ஜன்னலைத் திறந்து விளக்கைப் போட்டாள். வெறும் காற்றுதான் வந்தது. வெகுநேரம் சாத்தாமல் நின்றாள்.